விண்டோஸ் 10 முடிந்தது: பழைய லேப்டாப்புக்கு லினக்ஸா, புதிதாக ஒன்றா?

18 அக்டோபர் 2025 | காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

அக்கா, தக்காளி மண்டி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2017இல் வாங்கிய லேப்டாப்; கோர் ஐ5, ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. 11 இந்த லேப்டாப்பில் ஏறாதாம். மகளும் இதில்தான் கல்லூரி வேலையைச் செய்கிறாள். கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்கிறார் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?

18 அக்டோபர், மாலை

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். தீபாவளி நேரம், கடைக்காரர் விற்கத்தான் பார்ப்பார். மைத்துனர் மண்டிக் கணக்கை ஒரு நாளாவது எழுதிப் பார்த்திருக்க மாட்டார்.

14ஆம் தேதியோடு நின்றது பாதுகாப்புத் திருத்தங்கள்தான். லேப்டாப் நிற்கவில்லை, நாளைக்கும் ஓடும். ஆனால் இனிமேல் ஒரு ஓட்டை தெரியவந்தால் அதை அடைக்க ஆள் வரமாட்டார்கள். வங்கி வேலை செய்கிற லேப்டாப்புக்கு அது நல்லதல்ல. இதற்காகவே மைக்ரோசாப்ட் ஓராண்டு நீட்டிப்பு தருகிறது: 13 அக்டோபர் 2026 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அவர்களுடைய கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. இல்லாவிட்டால் 30 டாலர். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இதைச் செய்துவிடுங்கள். ஓராண்டு கையில் இருக்கிறது என்றால் நிதானமாக யோசிக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். உள்ளே இருப்பது தட்டு சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கா, சுற்றாமல் சில்லிலேயே சேமிக்கிற எஸ்எஸ்டியா?

19 அக்டோபர்

ஹார்ட் டிஸ்க்தான் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் விண்டோஸா லினக்ஸா என்ற பேச்சுக்கு முன்னால் அந்த டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

பாலக்கோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், தட்டச்சு என்று கடை நடத்துகிறேன். 'லேப்டாப் கிழமாகிவிட்டது' என்று என்னிடம் எடுத்துவருகிறவர்களில் பாதிப் பேருடைய லேப்டாப்பில் வேறு கோளாறே கிடையாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நிற்கும், பிராசசர் பத்தில் கிடக்கும். அதாவது பிராசசர் வேலைக்குக் காத்திருக்கிறது, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிற தட்டு தேடி எடுத்துக் கொடுக்க முடியாமல் திணறுகிறது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் திறக்க மூன்று நிமிடம் எடுத்த லேப்டாப் அரை நிமிடத்துக்குள் திறந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு 'விண்டோஸை மாற்றினீர்களா அக்கா' என்று கேட்பார்கள். லினக்ஸ் போட்டதும் லேப்டாப் பறக்கிறது என்று சொல்பவர்கள் பலரும் அதே நேரத்தில் எஸ்எஸ்டியும் மாற்றியவர்களாக இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு யூஎஸ்பி கூடு வாங்கி அதற்குள் போட்டால் பேக்கப் வைக்க உதவும்.

19 அக்டோபர், இரவு

'ஏதோ ஒரு வழியில் 11ஐ ஏற்றிவிடலாம், யூடியூப்பில் இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்றலாம். 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லுகூட உங்கள் லேப்டாப்பில் இருக்க வாய்ப்புண்டு, பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் நுழைகிற அமைப்புத் திரை) தேடினால் கிடைக்கும். தடை பிராசசர்தான்: இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 பட்டியலில் இடம் உண்டு. பட்டியலில் இல்லாத கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று உறுதி தர முடியாது என மைக்ரோசாப்டே சொல்லிவிட்டது. சோதித்துப் பார்க்கிற லேப்டாப்பில் செய்யுங்கள். பிறருடைய கணக்கு இருக்கிற லேப்டாப்பில் வேண்டாம்.

22 அக்டோபர்

பண்டிகை முடிந்தது, லினக்ஸுக்கு வருவோம்.

கடையில் ஒரு கணினியில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. 22ஆம் வரிசை, 2029 வரை ஆதரவு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் விண்டோஸ் 7 போலவே இருக்கும், கீழே பட்டை, இடது மூலையில் மெனு. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பட்டா, வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். என்ன ஓஎஸ் (இயங்குதளம்) என்று கேட்டவர் கிடையாது. இந்த வேலைகள் எல்லாம் பிரவுசருக்குள் நடக்கின்றன. குரோமோ பயர்பாக்ஸோ இருந்தால் போதும்.

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிட்டுப் போகலாம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு சுதந்திரம் கிடையாது.

ஆனால் பிரிண்டரையும் அப்போதே சோதித்துவிடுங்கள். கடையில் இருந்த பழைய லேசர் பிரிண்டர் விண்டோஸில் சமர்த்தாக வேலை செய்தது. லினக்ஸில் தாளை இழுக்கும், உள்ளே உருளைகள் சுற்றுகிற சத்தம் கேட்கும், முடிவில் சூடான வெள்ளைத் தாள் வெளியே வரும். இயக்கி மென்பொருளைத் தேடி ஓய்ந்தே போனேன். இப்போது வருகிற வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இயக்கியே தேவையில்லை, தானாகக் கண்டுகொள்ளும். பழையதை வைத்திருக்கிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

23 அக்டோபர்

தமிழில் தட்டுவது பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் தமிழ்99 பழகியவள்: இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய முறை. விண்டோஸில் 2019ஆம் ஆண்டு அப்டேட்டிலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஆப்பிளின் மேக்கில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே உண்டு. லினக்ஸிலும் உண்டு, ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. அங்கேதான் ஆள் தடுமாறுவார்.

கீபோர்டு லேஅவுட் பட்டியலில் கண்ணில் படுகிறதை எடுத்துக்கொண்டால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று போட்டுக்கொண்டே போகும். 'தக்காளி' அடிக்க த, க, க, ஆ, ள, இ என்று தட்டினால் முதல் க மீது புள்ளி தானாக வரவேண்டும் அல்லவா? அது வராது. பில் முழுவதும் புள்ளி இல்லாத தக்காளியாக நிற்கும். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை நிறுவி, எம்17என் தொகுப்பில் உள்ள தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். ஒற்றும் தானாக விழும், உயிர்மெய்யும் சேரும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்களுக்குப் பழைய தட்டச்சு முறையும் அதே தொகுப்பில் இருக்கிறது.

25 அக்டோபர்

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு 'அக்கா லினக்ஸ் கட்சி' என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டார். எனக்குக் கட்சி கிடையாது. எந்த ஓஎஸ் என்று முடிவெடுப்பது நாமே அல்ல என்பதுதான் என் கட்சி. நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு வேலை அதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அந்த வேலை எது என்று கண்டுபிடித்தால் போதும், மீதிப் பேச்சு எல்லாம் வீண்.

மண்டிக்கணக்கு எதில் எழுதுகிறீர்கள்? எக்செல் என்றால் லினக்ஸில் உள்ள லிப்ரே ஆபீஸில் பெரும்பாலும் நடந்துவிடும், மேக்ரோ போட்டுக் குழப்பி வைத்திருந்தால் நடக்காது. டாலி என்றால் முடிந்தது கதை. டாலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற கருவி) வழியாக லினக்ஸில் ஓட்டுகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்ச் 31 இரவு அது தகராறு செய்தால் அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து உட்காரமாட்டார்கள்.

யூஎஸ்பியில் செருகுகிற டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருக்கிறீர்களா? அதுவும் விண்டோஸ் பக்கம்தான் இழுக்கும். கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய அது கட்டாயம். தனிநபர் உரிமை என்றால் கைபேசிக்கு வரும் ஓடிபியே போதும், எந்தக் கணினியிலும் முடியும். (தக்காளிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று யாரும் எழுத வேண்டாம், தெரியும். மண்டிக்காரர் தக்காளியோடு நிற்கிறவரா என்ன?) ஆதார் கைரேகைக் கருவி வைத்துச் சேவை மையம் நடத்துகிறவர்களுக்கும் விண்டோஸ்தான் வழி, அல்லது ஆண்ட்ராய்டு.

2 நவம்பர்

ஓசூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற ஒருவர் எழுதியதைப் படித்து மனம் கனத்தது. இன்னும் பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் 7.0, எழுத்துருவுக்குப் பாமினி, வானவில். அந்தப் பேஜ்மேக்கர் 2001இல் வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை அதற்குத் தெரியாது. இருபது வருடத்துப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. அவரிடம் போய் மேக் நல்லது, லினக்ஸ் நல்லது என்று சொல்வது அநியாயம். அவருக்கு வேண்டியது இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்த ஒரு பழைய விண்டோஸ் கணினி, அதோடு புதிய வேலைகளுக்கு வேறொரு கணினி. பழையதில் உருவாக்கிப் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துவந்தால் போதும்.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்று என்னை யோசிக்க வைத்தது. ஓசூரில் ஒரே பத்திரிகையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்பார்களாம். பழைய எழுத்துரு முறையில் மூன்றுக்கும் மூன்று விசைப்பலகை, மூன்று கட்டுமானம். ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் தெலுங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல் வரும். யூனிகோடில் மூன்றும் ஒரே கோப்பில் சண்டை இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். மாறினால் முதலில் லாபமடைவது அவர்தான். மாற வேண்டியது அவருடைய மென்பொருள், ஓஎஸ் அல்ல.

3 நவம்பர்

'ஐபோன் பாகங்கள் ஓசூர்ப் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகின்றனவே, நம் பக்கத்துக்காரர்களுக்கு மேக்புக்கில் தள்ளுபடி உண்டா?' என்று கேட்கிறார் ஒருவர். உண்டு. ஆலையின் வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள்.

4 நவம்பர்

மேக் பற்றி உருப்படியாக. எம்4 மேக்புக் ஏர் இந்த மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபி ரேமோடு. விசிறியே கிடையாது, ஒரு நாள் முழுக்கப் பேட்டரி நிற்கும். மின்வெட்டு நாளில் அதன் அருமை தெரியும். எழுதுகிறவர், படம் வெட்டி ஒட்டுகிறவர், நிரல் எழுதுகிறவர் வாங்கலாம். ரேமையோ டிஸ்க்கையோ பிறகு கூட்ட முடியாது. ரிப்பேர் என்றால் தருமபுரியில் ஆள் தேடி அலைய வேண்டும், பெங்களூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டியிருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் பிராசசர் உள்ள பழைய மேக்புக்கை வாங்காதீர்கள். இந்தச் செப்டம்பரில் வந்த டாஹோ என்ற மேக் ஓஎஸ் பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. விண்டோஸ் 10இலிருந்து தப்பி அங்கே போய் மாட்டிக்கொள்வானேன்?

9 நவம்பர்

காரிமங்கலத்துக்காரர் இப்போதுதான் சொல்கிறார்: மகள் படிப்பது சிவில் இன்ஜினியரிங். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா தம்பி? நாங்கள் மூன்று வாரமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்!

சிவில் என்றால் ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் புரோ என்று கட்டடம் வரைகிற, கணக்கிடுகிற மென்பொருள்கள் வேண்டும். ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, ரெவிட்டுக்கும் ஸ்டாடுக்கும் கிடையாது. லினக்ஸில் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லினக்ஸ் போடச் சொல்லியிருப்பேன், பைத்தான், சி போன்ற நிரல்மொழிகள் அங்கேதான் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். சிவில் மாணவிக்கு விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், முடிந்தால் பெரிய திரை. ஆட்டோகேடுக்குக் காசு கொடுக்க வேண்டாம், மாணவர்களுக்கு ஓராண்டு உரிமம் இலவசம், படிப்பு முடியும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம்.

அரசு தருகிற லேப்டாப்புக்குக் காத்திருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். 2025-26 பட்ஜெட்டில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். வந்தால் வரட்டும், வேண்டாம் என்று சொல்வானேன். 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் சில இன்றும் என் கடைக்கு வருகின்றன. அவற்றில் விண்டோஸோடு சென்னை சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும், திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. ஆனால் இந்த செமஸ்டர் டிராயிங்கைப் பட்ஜெட் அறிவிப்பில் வரைய முடியாது.

9 நவம்பர், இரவு

புதிது வாங்கக் கை வராது என்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் லேப்டாப்புகள் எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். கட்டுமானம் உறுதி, கீபோர்டு அருமை. திரை கண்ணாடிபோல் மின்னாது.

'ஐ5 அக்கா' என்று மட்டும் சொல்வார்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, இரண்டே கோர். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, நான்கு கோர், விண்டோஸ் 11 ஏறும். மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் இரண்டிலும் ஐ5தான், உள்ளே பாதிக்குப் பாதி வித்தியாசம்.

அடுத்தது பேட்டரி. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறினால் உள்ள கொள்ளளவு என்று இரண்டு எண் காட்டும். இரண்டாவது, முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

அப்புறம் பயாஸ். கடையிலேயே மறுபடி தொடங்கச் சொல்லி பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்ட் கேட்டால் அந்த லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். 'வீட்டுக்குப் போங்கள், போனில் சொல்கிறேன்' என்பார்கள். சொல்ல மாட்டார்கள்.

11 நவம்பர்

'டாஸ் லேப்டாப்' சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறதே என்கிறார் ஒருவர். விண்டோஸ் இல்லாமல் வருகிற லேப்டாப் அது. லினக்ஸ் போடுகிறவருக்கு லாபம். மற்றவர்களுக்குக் கடைக்காரரே 'விண்டோஸ் போட்டுத் தருகிறேன்' என்று ஏதோ ஒரு பென் டிரைவை எடுப்பார். அந்தப் பென் டிரைவில் விண்டோஸோடு வேறு என்னென்ன ஏறுகிறது என்று அவருக்கும் தெரியாது. வங்கிக் கடவுச்சொல்லை அந்த லேப்டாப்பில் அடிக்கப் போகிறவர் நீங்கள்.

7 டிசம்பர்

8 ஜிபியோடு வாங்கி, பிறகு கையில் காசு வந்ததும் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு வேண்டிய மெமரி சில்லுகளுக்குத் தயாரிப்பாளர்கள் போய்விட்டார்கள். குரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேமும் எஸ்எஸ்டியும் விற்ற மைக்ரான், அந்த விற்பனையையே நிறுத்தப்போவதாக இந்த வாரம் அறிவித்திருக்கிறது. 16 ஜிபியாகவே வாங்கிவிடுங்கள். மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டவைத்து வருகிறது, அவற்றில் பிறகு என்ற பேச்சே கிடையாது.

14 டிசம்பர்

காரிமங்கலத்துத் தகவல்: மகளுக்கு எஸ்.பி. ரோட்டில் எட்டாம் தலைமுறை திங்க்பேட், 16 ஜிபி. தந்தையின் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றியாயிற்று, விண்டோஸ் 10 நீட்டிப்பில் ஓடுகிறது, டாலி அங்கேயே. மைத்துனருக்குக் கோபம். அவருக்காகக் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் மின்ட் போட்டு யூஎஸ்பி வழியாக ஓட்டிக் காட்டுகிறார்களாம். ஹார்ட் டிஸ்க் வேகத்தில் லினக்ஸைப் பார்த்துவிட்டு இனி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

11 ஜனவரி 2026

புது லேப்டாப்பில் விண்டோஸ் 11க்குப் பக்கத்திலேயே மின்ட் போடப் போன ஒருவர், மறுபடி தொடங்கியதும் நீலத் திரையில் ஏதோ 48 இலக்க எண் கேட்கிறது என்று பதறியிருக்கிறார். அது பிட்லாக்கர் மீட்பு எண். மைக்ரோசாப்ட் கணக்கோடு விண்டோஸ் 11ஐத் தொடங்கினால் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது, நம்மைக் கேட்பதில்லை. பயாஸில் கை வைத்ததும் சந்தேகப்பட்டு எண்ணைக் கேட்கும். பதற வேண்டாம். கைபேசியிலிருந்து அதே மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பார்த்தால் அந்த எண் இருக்கும்.

மற்றவர்கள் இன்றைக்கே அதைப் பார்த்துத் தாளில் எழுதி, லேப்டாப் பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்திருக்கிறேன் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.